பூட்டிய வீடுகளும் இடமில்லாத குடும்பங்களும்

ஆண்டுதோறும் வீடுகளை மந்திரிப்பதற்காகப் பங்குத்தந்தை அன்பியம் அன்பியமாக வரும்போது, அவருடன் தெருத்தெருவாகச் செல்பவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். சில வீடுகள் எப்போது போனாலும் பூட்டியே இருக்கும். "மகன் துபாயில் இருக்கிறான், திருவிழாவுக்குத்தான் வருவார்கள்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். புதிதாக எழும்பிய அடுக்குமாடியில், "வாங்கிப் போட்டிருக்கிறார்கள், யாரும் குடிவரவில்லை" என்று காவலாளி சொல்வார். அடுத்த சந்தில் நுழைந்தால் ஒரே அறையில் பெற்றோர், மணமான மகன், மருமகள், பேரக்குழந்தை என ஐந்தாறு பேர் இருப்பார்கள். அறையின் நடுவே சேலை ஒன்று திரையாகத் தொங்கும். நாம் நான்கு பேர் உள்ளே போய் நின்று செபிக்க இடம் போதாமல், பாதிப்பேர் வாசலிலேயே நிற்போம்.

இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறோம். ஆனால் இரண்டையும் சேர்த்து நாம் சிந்திப்பதில்லை. பூட்டிய வீடு ஒருவருடைய சொந்த விவகாரம் என்றும், நெருக்கடியில் வாழும் குடும்பம் அரசின் பொறுப்பு என்றும் பிரித்து வைத்துவிடுகிறோம். உண்மையில் இவை ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். நம் பங்கில் தெரிவதுதான் நாடு முழுவதும் தெரிகிறது.

எண்கள் சொல்வது என்ன?

நம் நாட்டில் வீடுகளைப் பற்றிய முழுமையான கணக்கைத் தருவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனா பெருந்தொற்றால் தள்ளிப்போனது. எனவே 2011ஆம் ஆண்டுக் கணக்கையே நாம் அடிப்படையாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. பழைய எண்கள்தாம் என்றாலும், அவை காட்டும் போக்கு தெளிவானது.

2001இல் இந்தியாவில் இருந்த கட்டடங்கள், வீடுகளின் எண்ணிக்கை 24.9 கோடி. 2011இல் அது 33 கோடியாக உயர்ந்தது. அதாவது பத்தே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி. அதே பத்தாண்டுகளில் மக்கள்தொகை 18 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பெருகியது. குடும்பங்களின் எண்ணிக்கை 19.2 கோடியிலிருந்து 24.7 கோடியாக, அதாவது 28 விழுக்காடு உயர்ந்தது. மக்களைவிட, குடும்பங்களைவிடக் கட்டடங்கள் வேகமாகப் பெருகியிருக்கின்றன. அப்படியானால் நெருக்கடி குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. யாரும் குடியிருக்காமல், வேறு எதற்கும் பயன்படாமல் காலியாகக் கிடந்தவை 2001இல் ஏறத்தாழ 1.6 கோடி. 2011இல் அவை ஏறத்தாழ இரண்டரைக் கோடி. நகரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 65 இலட்சமாக இருந்த காலி வீடுகள் 1.11 கோடியாகப் பெருகின. காலியானவற்றில் கடைகளாகவோ கிடங்குகளாகவோ கட்டப்பட்டவையும், இடியும் நிலையில் உள்ளவையும் உண்டு. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் மிச்சமிருப்பது சிறிய எண் அல்ல.

மத்திய அரசின் 2017–18ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை இதை வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது. நகர்ப்புற வீடுகளில் ஏறத்தாழ 12 விழுக்காடு காலியாக உள்ளன என்றும், மகாராட்டிரத்தில் மட்டும் ஏறத்தாழ 20 இலட்சமும் குஜராத்தில் 12 இலட்சமும் இருந்தன என்றும் அது கூறியது. மும்பையில் மட்டும் 4.8 இலட்சம். தாராவியைப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளைக் கொண்ட அதே மும்பை!

சொந்த வீடு என்ற சொல்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. சொந்த வீட்டின்மேல் நமக்குள்ள ஆசை பெரிது. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியக் குடும்பங்களில் 86.6 விழுக்காட்டினர் சொந்த வீட்டில் வாழ்கிறார்கள். கிராமங்களில் இது ஏறத்தாழ 95 விழுக்காடு. நகரங்களில் 69 விழுக்காடு. பல செல்வந்த நாடுகளில்கூட இவ்வளவு பேருக்குச் சொந்த வீடு இல்லை.

இதைக் கேட்டதும் பெருமைப்படத் தோன்றும். ஆனால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கணக்கெடுப்பில் ஓலைக் குடிசையும் சொந்த வீடுதான். மூன்று மாடிக் கட்டடமும் சொந்த வீடுதான். நாட்டின் மிக ஏழை மாநிலங்களுள் ஒன்றான பீகாரில் 95 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் சொந்த வீட்டில்தான் வாழ்கிறார்கள். அதே 2011 கணக்கில், ஒரே அறை கொண்ட வீட்டில் வாழும் குடும்பங்கள் 37 விழுக்காடு. தனக்கென ஓர் அறைகூட இல்லாத குடும்பங்கள் ஏறத்தாழ 4 விழுக்காடு. சொந்தம் என்பது வேறு. வாழத் தகுந்தது என்பது வேறு.

இன்னொரு மாற்றமும் கவனிக்கத்தக்கது. 1961இல் நகர்ப்புறக் குடும்பங்களில் 54 விழுக்காட்டினர் வாடகை வீடுகளில் இருந்தனர். 2011இல் அது 28 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. எல்லாரும் சொந்த வீடு வாங்கிவிட்டார்கள் என்று மகிழலாமா? வேலை தேடி நகரத்துக்கு வரும் ஓர் இளைஞனுக்கும், புதிதாக மணமான தம்பதியருக்கும் முதல் நாளிலேயே வீடு வாங்க முடியாது. அவர்களுக்கு வேண்டியது கையடக்கமான வாடகையில் ஒரு வீடு. அந்தக் கதவு ஆண்டுக்கு ஆண்டு குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. வாடகைக்கு வீடு கிடைக்காதவர் புறம்போக்கில் குடிசை போட்டால், அதுவும் "சொந்த வீடு" என்றுதான் கணக்கில் ஏறும்.

பற்றாக்குறை யாருக்கு?

நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையைக் கணக்கிட மத்திய அரசு பொருளியல் அறிஞர் அமிதாப் குண்டு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2012இல் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று அக்குழு மதிப்பிட்டது. இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் விவரம்தான் முக்கியமானது.

அந்த 1.88 கோடியில் ஏறத்தாழ 1.5 கோடி, அதாவது ஐந்தில் நான்கு பங்கு, நெருக்கடியால் வருவது. கூரை இல்லாமல் தெருவில் படுப்பவர்கள் அல்லர் இவர்கள். கூரைக்குக் கீழே இடமில்லாதவர்கள். மணமான தம்பதியருக்கென ஓர் அறைகூட இல்லாத குடும்பங்கள் இதில் வருகின்றன. நாம் மந்திரிக்கச் சென்றபோது பார்த்த சேலைத் திரைதான் அரசின் கணக்கில் "நெருக்கடி" என்ற ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. வீடே இல்லாதவர்களின் பங்கு ஏறத்தாழ 5.3 இலட்சம் என்றே குழு கொண்டது.

பற்றாக்குறை யாருக்கு என்பதையும் குழு பிரித்துச் சொன்னது. பொருளாதாரத்தில் மிகவும் நலிந்த பிரிவினருக்கு 56 விழுக்காடு. குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கு ஏறத்தாழ 40 விழுக்காடு. அதற்கு மேல் வருவாய் உள்ள எல்லாருக்கும் சேர்த்து மிஞ்சுவது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆக, வீடு போதவில்லை என்பது ஏழைகளின் சிக்கல். வீடு காலியாகக் கிடப்பது வசதியுள்ளவர்களின் நிலை. இரண்டும் ஒரே நகரத்தில், பல வேளைகளில் ஒரே தெருவில் நடக்கிறது.

"1.88 கோடி வேண்டும், 1.11 கோடி காலியாக இருக்கிறது, கழித்துவிட்டால் சிக்கல் பாதிக்கு மேல் தீர்ந்ததே" என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அப்படிக் கழிக்க முடியாது. ஐம்பது இலட்சம் ரூபாய் அடுக்குமாடி வீட்டில் மாதம் பதினைந்தாயிரம் சம்பாதிக்கும் சுமைதூக்கும் தொழிலாளி குடியேற முடியாது. காலியாக உள்ள வீடு அவருடைய வேலையிடத்துக்கு அருகிலும் இருக்காது. இந்த இடைவெளி அண்மையில் இன்னும் அகன்றிருக்கிறது. ஏழு பெருநகரங்களில் விற்பனையாகும் புதிய வீடுகளுள் 40 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டவை 2019இல் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்காக இருந்தன. 2024இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன என்று சொத்துச் சந்தையைக் கவனிக்கும் நிறுவனங்கள் கூறுகின்றன. கட்டப்படுவது நிற்கவில்லை. யாருக்காகக் கட்டப்படுகிறது என்பது மாறிக்கொண்டே போகிறது.

வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

எல்லாப் பூட்டிய வீட்டுக்கும் பின்னால் பேராசை இருக்கிறது என்று சொல்லிவிடுவது நியாயம் அல்ல. காரணங்கள் மூன்று வகை.

முதலாவது, இடப்பெயர்வு. காலி வீடுகளில் பாதிக்கும் மேல், ஏறத்தாழ 1.36 கோடி, கிராமங்களில் இருக்கின்றன. கேரளத்தில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் காலியாக இருந்ததை 2011 கணக்கெடுப்பு காட்டியது. வளைகுடாப் பணத்தில் கட்டி, வாழ ஆளில்லாமல் போன வீடுகள் அவற்றில் பல. நம் தென்மாவட்டங்களிலும் இதே நிலைதான். ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறும் பத்து நாள் மட்டும் திறந்து, விளக்கேற்றி, சமைத்துவிட்டு, தேர் நிலைக்கு வந்த மறுநாள் மீண்டும் பூட்டப்படும் வீடுகள் எத்தனை! அந்த வீட்டுக்கு உரியவர்கள் சென்னையிலோ கோவையிலோ ஒரு படுக்கையறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஊரில் பூட்டிய வீடும் நகரத்தில் நெருக்கடியும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். வேலை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் இருப்பதன் விளைவு இது.

இரண்டாவது, முதலீடு. வீடு வாழ்வதற்கு என்பது போய், பணத்தைப் போட்டு வைப்பதற்கு என்றாகிவிட்டது. பொன்னை வாங்கிப் பெட்டியில் வைப்பதுபோல வீட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறோம். கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். அறுபது இலட்சம் ரூபாய் மதிப்புள்ள வீட்டை மாதம் பதினைந்தாயிரத்துக்கு வாடகைக்கு விட்டால், ஆண்டுக்கு 1.8 இலட்சம் கிடைக்கும். அது மூன்று விழுக்காடுதான். வங்கியில் வைப்புத்தொகை போட்டால்கூட அதைவிடக் கூடுதல் வட்டி வரும். எனவே வாங்கியவர் வாடகையை நம்பி வாங்கவில்லை. விலை ஏறும் என்று நம்பியே வாங்குகிறார். விலைதான் இலாபம் என்றான பிறகு, "வாடகைக்கு விட்டு வம்பை விலைக்கு வாங்குவானேன்" என்று பூட்டி வைப்பது அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. பொருளாதார ஆய்வறிக்கையும் குறைந்த வாடகை வருவாய், தெளிவற்ற சொத்துரிமை, ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் உள்ள பலவீனம் ஆகியவற்றையே காரணங்களாகக் கூறியது.

வரி முறையும் இதற்குத் துணை நிற்கிறது. முன்பெல்லாம் ஒருவர் இரண்டாவது வீட்டைக் காலியாக வைத்திருந்தாலும், வாடகைக்கு விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையை வருமானமாகக் கருதி வரி கட்ட வேண்டும். 2019ஆம் ஆண்டு இடைக்கால நிதிநிலை அறிக்கையில் இரண்டாவது வீட்டுக்கும் அந்த வரி நீக்கப்பட்டது. 2025இல் எஞ்சியிருந்த நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது நிம்மதி தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பூட்டிய வீட்டைத் திறக்கச் சொல்லும் ஒரு சிறு நெருக்குதலும் இதனால் இல்லாமல் போயிற்று. கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீடுகளுக்குத் தனி வரியே விதிக்கிறது. நம் நாட்டில் அதைப் பற்றிய பேச்சே பெரிதாக எழவில்லை.

மூன்றாவது வகை, அரசே கட்டிக் காலியாகக் கிடப்பவை. 2005இல் தொடங்கிய ஜவகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் ஏழைகளுக்கெனக் கட்டிய பல்லாயிரம் வீடுகளுக்கு ஆள் வரவில்லை. ஏன்? நகரத்துக்கு வெகுதொலைவில், பேருந்தும் பள்ளியும் மருத்துவமனையும் இல்லாத இடத்தில் அவை கட்டப்பட்டன. நம் சென்னையிலும் ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். வீடு கிடைத்தது, வேலை போயிற்று. வீட்டுவேலை செய்த பெண்ணால் தினமும் அத்தனை தூரம் வந்துபோக முடியவில்லை. பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. வேறு வழியின்றி அந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கு அருகில் வாடகைக்குத் திரும்பி வந்தவர்களும் உண்டு. நான்கு சுவரும் கூரையும் சேர்ந்தால் மட்டும் வீடாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அரசின் திட்டங்கள்: நிறையும் குறையும்

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் முதல் பல திட்டங்கள் வந்துள்ளன. 2015இல் நகரங்களுக்கும் 2016இல் கிராமங்களுக்கும் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. "2022க்குள் அனைவருக்கும் வீடு" என்பது அதன் இலக்கு. இலக்கு ஆண்டு தாண்டிவிட்டாலும், நகரத் திட்டத்தில் ஏறத்தாழ 1.18 கோடி வீடுகளுக்கு அனுமதி அளிக்கப்பட்டு, பெரும்பாலானவை கட்டி முடிக்கப்பட்டன. கிராமத் திட்டத்தின் இலக்கு 2.95 கோடியாக உயர்ந்தது. 2024இல் கிராமங்களில் மேலும் 2 கோடி, நகரங்களில் மேலும் ஒரு கோடி என இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. வீடு பெண்ணின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்ற விதி பாராட்டத்தக்கது. தமிழக அரசும் 2030க்குள் கிராமப்புறக் குடிசைகளுக்குப் பதிலாக 8 இலட்சம் வீடுகள் என்ற இலக்குடன், வீடொன்றுக்கு 3.5 இலட்சம் ரூபாய் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை 2024இல் தொடங்கியது. மத்திய கிராமத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 2016இல் வகுத்த தொகை 1.20 இலட்சம் ரூபாய்தான் என்பதை இதனுடன் ஒப்பிட்டால், ஏழைகள் ஏன் கடன் வாங்கி வீட்டை முடிக்கிறார்கள் என்பது புரியும்.

ஆனால் இத்திட்டங்களில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

நிலம் உள்ளவருக்கே வீடு. நகரத் திட்டத்தில் பெரும்பங்கு, தம் சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்பவர்களுக்கான உதவியாகவே சென்றது. குடிசைப் பகுதியை அதே இடத்தில் சீரமைக்கும் பிரிவில் நடந்தது மிகச் சிறு பங்கே. பட்டா இல்லாதவரின் விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. கடலோரத்திலும் புறம்போக்கிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் மக்கள் பலருக்கு இன்றும் கையில் பட்டா இல்லை.

இரண்டாவது ஓட்டை நம்மை நேரடியாகவே தொடுகிறது. கிராமத் திட்டத்தில் 60 விழுக்காடு பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்படுகிறது. அது நியாயமானதே. ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் காரணமாக, தலித் கிறிஸ்தவர்கள் பட்டியல் இனத்தவராகக் கருதப்படுவதில்லை. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு நமக்குத் திறக்கவில்லை. ஒரே தெருவில், ஒரே கூரையின்கீழ் ஒழுகும் மழைநீர் ஒன்றுதான். மதத்தின் பெயரால் ஒதுக்கீட்டில் மட்டும் வேறுபாடு.

மூன்றாவது, வாடகைக்கு இருப்போரை அரசுகள் நெடுங்காலம் மறந்தே போயின. 2020 மார்ச் மாதம் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு நெடுஞ்சாலைகளில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்கள் ஏன் நடந்தார்கள்? வேலை நின்றதும் வாடகை கொடுக்க வழியில்லை. அவர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஆணையிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு சூலை மாதத்தில்தான் காலியாகக் கிடந்த அரசு வீடுகளைப் புலம்பெயர் தொழிலாளர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடும் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. நல்ல திட்டம், ஆனால் மாநிலங்கள் பலவற்றில் அது வேகம் பெறவில்லை. 2024இல் வந்த இரண்டாம் கட்ட நகரத் திட்டத்தில் வாடகை வீடு ஒரு தனிப் பிரிவாக இடம்பெற்றிருப்பது சிறிது நம்பிக்கை தருகிறது.

வீட்டுக்காரராக நாம்

இதுவரை அரசைப் பற்றிப் பேசினோம். நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். நம் பங்குகளில் ஒரு வீட்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள் இருக்கிறோம். மாடியில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு அதில் ஓய்வுக் காலத்தை ஓட்டும் முதியவர்களும் இருக்கிறோம். வீட்டுக்காரர் என்ற முறையில் நாம் நடந்துகொள்வது எப்படி?

வாடகை வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், கேள்விகள் எப்படி வரும் என்று. "நீங்கள் என்ன ஆட்கள்?" "அசைவம் சமைப்பீர்களா?" "தனியாக இருக்கும் பெண்ணுக்கு விடுவதில்லை." சாதியை நேரடியாகக் கேட்க வெட்கப்பட்டு, சொந்த ஊரையும் தெருவையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. கிறிஸ்தவர் என்பதால் நமக்கு வீடு மறுக்கப்பட்டபோது நாம் வருந்தினோம். அதே நாம் வீட்டுக்காரரானதும், நம் கோயிலுக்கே வருகிற ஒரு குடும்பத்தைச் சாதி பார்த்துத் திருப்பி அனுப்பியதில்லையா? இஸ்லாமியர் என்று தெரிந்ததும் "வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டோம்" என்று பொய் சொன்னதில்லையா? வடமாநிலத் தொழிலாளர் எட்டுப் பேரை ஓர் அறையில் அடைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கியதில்லையா?

முன்பணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். எட்டாயிரம் ரூபாய் வாடகை வீட்டுக்கு எண்பதாயிரம் கையில் வேண்டும். அதற்காக நகையை அடகு வைக்கும் குடும்பம், வீட்டுக்குள் நுழையும்போதே கடனுடன் நுழைகிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், இருவரும் வேறாக ஒத்துக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வழி செய்திருக்கிறது. இந்தச் சட்டம் குடியிருப்பவரை மட்டும் காப்பதில்லை. காலி செய்ய மறுப்பார்களோ என்ற வீட்டுக்காரரின் பழைய அச்சத்துக்கும் அது பதில் சொல்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் காலத்தில், நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்களின் கதைகளைக் கேட்டுத்தான் பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்கள். இன்று அந்தச் சட்டம் இல்லை. எழுதிப் பதிவு செய்த ஒப்பந்தம் இருவருக்கும் காவல் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

வாடகைக்கு இருப்பவர்களும் தம் கடமையை உணர வேண்டும். சொன்ன நாளில் வாடகை தருவது, சொன்ன நாளில் காலி செய்வது, சுவரையும் குழாயையும் தம்முடையவைபோலக் காப்பது ஆகியவை நம்பிக்கையை வளர்க்கும். நம்பிக்கை வளர்ந்தால் பூட்டுகள் திறக்கும்.

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறும் குடும்பம் பங்கிலும் வேரூன்றுவதில்லை என்பதை மறைக்கல்வி ஆசிரியர்கள் அறிவார்கள். புது நன்மைக்கு ஆயத்தமான பிள்ளை திடீரென்று வருவதில்லை. விசாரித்தால் வீடு மாறிப் போயிருக்கும். குடும்ப அட்டை ஒரு பங்கிலும் குடும்பம் வேறு பங்கிலும் இருக்கும். அன்பியக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைப்பதில்லை. "வாடகைக்கு வந்தவர்கள்தானே, எத்தனை நாள் இருப்பார்களோ" என்கிறோம். வீட்டின் நிலையாமை மெல்ல மெல்ல உறவின் நிலையாமையாக மாறிவிடுகிறது.

திருஅவையின் குரல்

வீடற்றோருக்கான உலக ஆண்டாக 1987ஐ ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தபோது, நீதிக்கும் அமைதிக்குமான திருப்பீட ஆணையம் வீட்டுச் சிக்கலைப் பற்றியே தனியாக ஓர் ஏட்டை வெளியிட்டது. வீடு வெறும் வணிகப் பொருள் அல்ல, குடும்ப வாழ்வின் அடிப்படைத் தேவை, மனிதருக்குரிய உரிமை என்பதே அதன் சாரம். திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் மக்கள் இயக்கங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்தபோது நிலம், வீடு, வேலை ஆகிய மூன்றையும் புனிதமான உரிமைகள் என்றே பேசினார். 2015இல் வெளியான சுற்றுமடலிலும் வீடின்மையை உலகின் பல பகுதிகளுடைய பெருங்கேடாகக் குறிப்பிட்டார். சொத்துரிமையைத் திருஅவை மறுப்பதில்லை. ஆனால் எந்தச் சொத்தின்மேலும் பொதுநலம் என்னும் கடன் இருக்கிறது என்று அது தொடர்ந்து கற்பித்து வருகிறது. உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடு வாங்கியது தவறல்ல. அது யாருக்கும் பயன்படாமல் ஆண்டுக்கணக்கில் இருண்டு கிடப்பதுதான் கேள்வி.

கணக்கெடுப்பவர் கதவைத் தட்டும்போது

2027ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டமாக, 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வீட்டுப் பட்டியல் தயாரிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டின் ஒவ்வொரு வாசலிலும் நடக்கும் கணக்கு இது. எத்தனை அறைகள், எத்தனை மணமான தம்பதியர், சொந்த வீடா வாடகையா என்ற கேள்விகள் இத்தகைய கணக்கெடுப்பில் வழக்கமாக இடம்பெறுபவை. அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்வதும் சமூகக் கடமைதான். ஓர் அறையில் இரண்டு குடும்பங்கள் வாழ்வதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தால், அந்த நெருக்கடி கணக்கிலும் வராது, திட்டத்திலும் வராது. நம் அன்பியங்கள் இதை மக்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.

அதற்கு மேலும் நம்மால் முடிந்தவை உண்டு. எந்தெந்த வீடுகள் காலியாக இருக்கின்றன, யார் யார் வீடு தேடுகிறார்கள் என்பதை ஒவ்வோர் அன்பியமும் அறிந்திருக்கும். இருவரையும் சேர்த்து வைத்து, ஒப்பந்தம் எழுத உதவினால் தரகர் செலவு மிச்சமாகும், அச்சமும் குறையும். பட்டா கேட்டு அலுவலகம் அலுவலகமாக நடப்பவர்களுக்கு விண்ணப்பம் எழுத நம் படித்த இளைஞர்கள் வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கலாம். வின்சென்ட் தே பவுல் சபையினர் பல பங்குகளில் ஏழைகளின் வாடகைக்கு உதவுவதை அறிவோம். முன்பணத்துக்கு வட்டியில்லாக் கைமாற்று தரும் ஒரு சிறு நிதியையும் பங்குகள் தொடங்கலாம். ஒரு வீட்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள், ஒரு வீட்டையாவது நியாயமான வாடகைக்கு, சாதியும் மதமும் கேளாமல் ஒரு குடும்பத்துக்குத் திறந்துவிடலாம்.

நாட்டில் வீடுகள் போதாமல் இல்லை. இருக்கும் வீடும் தேவைப்படும் குடும்பமும் சந்திக்காமல் இருக்கின்றன. சட்டம் செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். நம் கையில் உள்ள சாவியை நாமே பயன்படுத்துவோம். அடுத்த ஆண்டு பங்குத்தந்தை வீடு மந்திரிக்க வரும்போது, இந்த ஆண்டு பூட்டியிருந்த ஒரு கதவாவது திறந்திருக்கட்டும். அந்தச் சேலைத் திரைக்குப் பின்னால் வாழ்ந்த குடும்பம் அந்த வாசலில் நின்று நம்மை வரவேற்கட்டும்.